பாதம் பேணும் தொழில்: தோல் தைத்த கைகளுக்கு அதில் என்ன இடம்?

காலில் ஆறாத புண்ணுடன் அரசு மருத்துவமனைக்குச் செல்லும் நீரிழிவு நோயாளிக்கு, எந்தப் பிரிவின் வரிசையில் நிற்பது என்பதே முதல் குழப்பம். சர்க்கரை நோய்ப் பிரிவில் மாத்திரை கிடைக்கிறது. தோல் பிரிவில் களிம்பு எழுதித் தருகிறார்கள். அறுவைப் பிரிவோ புண் முற்றி, எலும்பு வரை இறங்கிய பிறகே அவரை முழுமையாகக் கவனிக்கிறது. அப்போது பேச்சு பெரும்பாலும் விரலை எடுப்பதா, பாதத்தை எடுப்பதா, முழங்காலுக்குக் கீழே எடுப்பதா என்பதாகிவிடுகிறது. இந்த மூன்று வரிசைகளுக்கும் இடையே, பாதத்தை மட்டுமே தம் பொறுப்பாகக் கொண்ட ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். அவர் செய்யும் பணிக்குப் பெயர் பாத மருத்துவம். மேலை நாடுகளில் பொடியாட்ரி என வழங்கும் துறை.

இந்தியாவில் இத்துறை இப்போதுதான் சட்டத்தின் கண்ணில் பட்டிருக்கிறது. 2021ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய மருத்துவம்சார் மற்றும் சுகாதாரத் தொழில்முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் பாத மருத்துவரும் இடம்பெற்றுள்ளார். இனிப் பாடத்திட்டம் வரும், கல்லூரிகள் வரும், பதிவேடும் பட்டமும் பெயர்ப்பலகையும் வரும். ஒரு தொழில் இவ்வாறு எழுதப்படும் வேளையில், அதனுள் யார் நுழைவர், யார் வாசலில் நிறுத்தப்படுவர் என்று கேட்பது நம் கடமை. ஏனெனில் இது வெற்றிடத்தில் பிறக்கும் தொழில் இல்லை. பாதத்தைத் தொடுவதும், பாதத்துக்குத் தைப்பதும் இம்மண்ணில் நூற்றாண்டுகளாகச் சிலர்மீது சுமத்தப்பட்ட வேலைகள். கத்தியைப் பிடித்து நகமும் கால் ஆணியும் நீக்கி, கட்டி கீறி மருந்திட்டவர்கள் மருத்துவர் என்றே சாதிப்பெயர் கொண்ட முடிதிருத்தும் சமூகத்தினர். தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்தவர்களில் பெரும்பகுதியினர் அருந்ததியர் உள்ளிட்ட தலித் மக்கள். அந்த வேலை இழிவெனப்பட்ட காலத்தில் அவர்களுடையதாக இருந்தது. அது ஊதியமும் மதிப்பும் உடைய தொழிலாக மாறும்போதும் அவர்களுடையதாக இருக்குமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கால் எவ்வாறு இழக்கப்படுகிறது

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. பல ஆண்டுகள் கட்டுப்படாத சர்க்கரை, உடலின் நீண்ட நரம்புகளை முதலில் தாக்குகிறது. ஆகவே பாதிப்பு பாதத்திலிருந்து தொடங்கி மேலேறுகிறது. வலியும் சூடும் தெரிவது குறைகிறது. வியர்வை நின்று தோல் வறண்டு வெடிக்கிறது. பாதத்தின் சிறு தசைகள் வலுவிழப்பதால் விரல்கள் வளைந்து, உடலின் எடை முன்பாதத்தின் ஓரிரு இடங்களில் குவிகிறது. அவ்விடங்களில் தோல் காய்த்துத் தடிக்கிறது. அத்தடிப்பு, செருப்புக்குள் கிடக்கும் கல்லைப் போல உள்ளிருக்கும் தசையை ஒவ்வோர் அடியிலும் நசுக்குகிறது. வலி தெரியாததால் நோயாளி நடந்துகொண்டே இருக்கிறார். தடிப்பின் அடியில் இரத்தம் கசிந்து, கிருமி புகுந்து, ஒருநாள் சீழாக வெளிப்படும்போதுதான் அவருக்கே செய்தி தெரிகிறது. கூடவே காலின் இரத்தக் குழாய்களும் அடைபட்டிருந்தால் புண் ஆறுவதற்கான வழியும் அடைபட்டுவிடும். புகைபிடிப்பவர்களிடம் இவ்வாபத்து மிகுதி.

நம் மக்கள் இந்நிலையை மருத்துவ நூலின் சொற்களில் சொல்வதில்லை. ‘மதமதப்பா இருக்கு’, ‘பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு’, ‘ராத்திரியானா உள்ளங்கால் எரியுது’ என்பார்கள். ‘செருப்பு கழன்று விழுந்ததே தெரியல’ என்று ஒருவர் சொன்னால், அது வேடிக்கையாகக் கேட்டுவிட்டுக் கடக்க வேண்டிய சொல் அன்று. விரலால் பற்றி நடக்க வேண்டிய செருப்பு வழியில் விழுந்ததை உணராத கால், ஆணி ஏறினாலும் உணராது. இச்சொற்களைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவரே பாத மருத்துவத்தின் முதல் பாடத்தைக் கற்றவர்.

நோய் எல்லாருக்கும் பொதுவானதுதான். ஆனால் கால்கள் வாழும் இடங்கள் பொதுவானவை அல்ல. நாற்றங்காலின் சேற்றில் நாள் முழுவதும் நிற்கும் பெண்ணின் விரலிடுக்கில் சேற்றுப்புண் ஆறுவதற்குள் அடுத்த நடவு வந்துவிடுகிறது. செங்கல் சூளையிலும் தார் போடும் சாலையிலும் வேலை செய்பவரின் மரத்துப்போன பாதம், தரையின் வெப்பத்திலேயே கொப்புளம் காண்கிறது. தோல் பதனிடும் ஆலைகளின் சுண்ணாம்பும் குரோமிய உப்பும் கையையும் காலையும் துளைத்துப் புண்ணாக்குகின்றன. கழிவுநீர்க் கால்வாயில் இறங்குபவரின் காலில் சிறு கீறல் இருந்தாலே எலிக்காய்ச்சலின் கிருமி நுழைய வழி கிடைத்துவிடும். இவ்வேலைகளில் யார் மிகுதியாக இருக்கிறார்கள் என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

காலணியின் வரலாறும் இதனோடு சேர்ந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் தலித் மக்கள்மீது விதித்த எட்டுத் தடைகளை ஜே. எச். ஹட்டன் பதிவு செய்துள்ளார். குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. அது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2023 டிசம்பர் இறுதியில்தான், திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்து இராஜாவூரில், தமக்கு மறுக்கப்பட்டிருந்த ஒரு தெருவில் ஏறத்தாழ 60 தலித் மக்கள் முதன்முறையாகச் செருப்பணிந்து நடந்தனர். இத்தடையைத் தன்மானத்தின் பிரச்சினையாக நாம் சரியாகவே பேசிவந்திருக்கிறோம். அது உடல்நலத்தின் பிரச்சினையும்கூட. கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்தே உடலுக்குள் நுழைகிறது. இரத்தத்தைக் குடித்துச் சோகையை உண்டாக்குகிறது. முள் குத்திய இடத்தில் மண்ணின் பூஞ்சைகள் புகுந்து பாதத்தை வீங்கவைத்துச் சிதைக்கும் நோய் ஒன்றுக்கு உலக மருத்துவ நூல்களில் ‘மதுராக் கால்’ என்றே பெயர். 1842இல் மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர் அதை விவரித்ததால் வந்த பெயர் அது. மதுரையின் பெயர் உலக மருத்துவத்தில் வெறுங்காலோடு சேர்ந்து நிற்கிறது. அந்தக் கால்கள் ஏன் வெறுங்காலாக இருந்தன என்பதை அந்நூல்கள் வறுமை என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகின்றன.

வேலூரில் ஒரு பட்டறை

பாத மருத்துவம் மேலை நாட்டு இறக்குமதி என்ற எண்ணம் நம் மருத்துவர்களிடமே உண்டு. உணர்விழந்த பாதத்தைக் காக்கும் அறிவின் முக்கியமான பகுதி உருவான இடங்களுள் வேலூர் ஒன்று என்பதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

1914இல் பிறந்த பால் பிராண்ட், இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் இராபர்ட் காக்ரேன் காட்டிய நோயாளிகளின் கைகளும் கால்களும் அவரை அத்துறைக்கு இழுத்தன. தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தாமே அழுகி விழுகின்றன என்பதே அன்றைய பொது நம்பிக்கை. பிராண்டும் அவருடைய குழுவினரும் நோயாளிகளின் அன்றாட வேலைகளைக் கூர்ந்து கவனித்து வேறொன்றைக் கண்டனர். தசையில் குறையில்லை, பாதுகாத்தால் அது பிறர் தசையைப் போலவே ஆறுகிறது. வலி இல்லாததால் நேரும் காயங்களும், ஓயாத அழுத்தமுமே உறுப்பைத் தின்கின்றன. புண்ணுள்ள காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு எடையைப் பரப்பினால் புண் ஆறும் என்பதை இலங்கையின் அறுவை மருத்துவர் மில்ராய் பால் 1930களிலேயே காட்டியிருந்தார். அம்முறையை வேலூர் விரிவாக்கியது. 1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது இவ்வறிவும் உடன் சென்றது. அங்கே நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் அது பொருந்தியது. இன்று உலகெங்கும் நீரிழிவுப் புண்ணுக்குச் சிறந்த சிகிச்சையாகக் கருதப்படும் முழுத்தொடுகை மாவுக்கட்டின் வழி இதுதான்.

ஆறிய காலை மீண்டும் புண்ணாகாமல் காப்பது எது? செருப்பு. இங்கேதான் மருத்துவனின் அறிவு போதாமல் போனது. வேலூரிலும் அதனருகே கரிகிரியிலும் காலணிப் பட்டறைகள் எழுந்தன. எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர், மிதித்தால் அமுங்கி எடையைப் பாதம் முழுதும் பரப்பும். ஆனால் முற்றிலும் தட்டையாகிவிடாது. அதன் அடியில் முள் ஏறாத கடினமான அடிப்பாகம் வேண்டும். ஆணி அடிக்கக்கூடாது, அடித்த ஆணி தேய்ந்து மேலேறினால் உணர்வற்ற கால் அதை அறியாது. பசையும் தையலும் மட்டுமே. குதிகாலுக்குப் பின்வார் கட்டாயம். இல்லையேல் விரல்களை இறுக்கிச் செருப்பைப் பற்ற நேரும். மேல்வாரின் விளிம்பு உரசும் இடத்தை உள்நோக்கி மடித்துத் தைக்க வேண்டும். ஒருவருடைய இரு பாதங்களுமே ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால் அளவை இரண்டு காலுக்கும் தனித்தனியே எடுக்க வேண்டும். இவற்றுள் எத்தனை பாடங்கள் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தன, எத்தனை தோல் தைக்கும் கையிலிருந்து வந்தன என்று பிரித்தறிவது கடினம். அறுவை மருத்துவர்களின் பெயர்கள் நூல்களில் நிற்கின்றன. பட்டறையில் அமர்ந்து வார் அறுத்தவர்களின் பெயர்களை அதே நூல்களில் தேடிப் பாருங்கள்.

இன்னொரு செய்தியும் பட்டறையிலிருந்தே கற்க வேண்டியது. தொடக்கத்தில் இச்செருப்புகள் பெரும்பாலும் ஒரே கறுப்பு நிறத்தில், ஒரே வடிவில் வந்தன. அதைக் காலில் கண்டவுடன் ஊர் ‘தொழுநோயாளி’ என்று அடையாளம் கண்டுகொண்டது. பலர் அதை அணிய மறுத்தனர். அவர்களை ‘ஒத்துழைக்காத நோயாளிகள்’ என்று எழுதிவைப்பது எளிது. அடையாளம் காணப்படுவதால் நேரும் துன்பம் எத்தகையது என்பதை அறிந்தவர்களுக்கு அந்த மறுப்பு விளங்கும். கடையில் விற்கும் செருப்பைப் போன்ற தோற்றமும் நிறமும் கொடுத்த பின்னரே பலர் அவற்றை ஏற்றனர்.

சிகிச்சையகம் நடத்துவது

நம் இளைஞர்களில் செவிலியராகவும் இயன்முறை மருத்துவராகவும் செயற்கை உறுப்புப் பொறியாளராகவும் படித்தவர்கள் இன்று சிறிதளவேனும் இருக்கிறார்கள். பாத நலச் சிகிச்சையகம் ஒன்றை அவர்கள் மருத்துவர் ஒருவரோடு இணைந்து தொடங்க முடியுமா? முடியும் என்பதே நம் எண்ணம். பெருமுதல் கேட்காத சில மருத்துவப் பணிகளுள் இது ஒன்று.

பரிசோதனைக்கு வேண்டியவை எளியவை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தின் குறிப்பிட்ட இடங்களில் வைத்து, நோயாளி கண்களை மூடியபடி அதை உணர்கிறாரா என்று பார்க்க வேண்டும். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வை உணர்கிறாரா என்று பார்க்க வேண்டும். விரலால் நாடி பார்த்து, ஐயமிருந்தால் கையடக்க டாப்ளர் கருவியால் கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட வேண்டும். அந்த விகிதம் 0.9க்குக் குறைந்தால் இரத்தக் குழாய் அடைப்பை ஐயுற வேண்டும். கழற்றிவைத்த செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதும் பரிசோதனையே. அதன் தேய்மானம் நடையின் வரைபடம். செருப்பைக் கையால் எடுக்கத் தயங்குபவர் இத்தொழிலுக்கு வர வேண்டாம்.

அதன்பின் வருவது நாட்காட்டி. உணர்வும் இரத்த ஓட்டமும் நன்றாக உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் போதும். இரண்டில் ஒன்று குறைந்தவர் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஒருமுறை வர வேண்டும். இரண்டும் குறைந்தவரோ, ஒன்று குறைந்து பாத வடிவமும் மாறியவரோ மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் வர வேண்டும். அத்தகையோரில் முன்பே புண் கண்டவர், விரல் இழந்தவர் ஆகியோரை ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் மீண்டும் பார்த்தாக வேண்டும். இவ்வட்டவணை பன்னாட்டு வழிகாட்டுதல்களில் உள்ளது. அதை நிறைவேற்றுவதில்தான் சிகிச்சையகத்தின் உயிர் இருக்கிறது. ஏனெனில் நாட்கூலி பெறுபவர் நடுப்பகலில் வரமாட்டார். வந்தால் அன்றைய கூலி போகும். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறக்காத பாதச் சிகிச்சையகம், காப்பாற்ற வேண்டிய கால்களுக்கு மூடப்பட்ட சிகிச்சையகமே.

தடித்த தோலைச் சீவுவதும், தடித்த நகத்தை வெட்டுவதும், ஆணியை நீக்குவதும் அன்றாடப் பணி. அதைவிட முக்கியமானது எதைத் தொடக்கூடாது என்று அறிவது. நாடி தெரியாத காலில் கத்தி வைக்கக்கூடாது. கறுத்த விரல், துர்நாற்றம், காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு ஆகியவற்றைக் கண்டால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். வலியே இல்லாமல் வீங்கிச் சூடாக இருக்கும் பாதத்தை வெறும் சுளுக்கென்று அனுப்பிவிடக்கூடாது. அது எலும்புகள் உள்ளே நொறுங்கத் தொடங்கிய சார்கோ பாதமாக இருக்கலாம். கடைகளில் விற்கும் கால் ஆணிப் பட்டையில் உள்ள அமிலம் நீரிழிவுப் பாதத்தை வெந்து போகச் செய்யும். சவர அலகால் தாமே அறுத்துக்கொள்வதும், மரத்த காலை வெந்நீரில் வைப்பதும் எத்தனையோ கால்களைக் கொண்டுபோயிருக்கின்றன. நீரின் சூட்டை முழங்கையால் பார்க்கச் சொல்ல வேண்டும்.

வருமானத்தைப் பற்றி நேர்மையாகப் பேசுவோம். தடுப்புக்குப் பணம் கொடுப்பவர் குறைவு. அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் உள்நோயாளிச் சிகிச்சையையும் அறுவையையும் மையமாகக் கொண்டவை. தடிப்பைச் சீவுவதற்கும் செருப்புக்கும் அவை பெரும்பாலும் பணம் தருவதில்லை. காலை வெட்டினால் தொகை கிடைக்கும், வெட்டாமல் காத்தால் கிடைக்காது என்ற இந்தத் தலைகீழ்க் கணக்கைச் சிகிச்சையகம் தனியாக நின்று திருத்த முடியாது. செருப்பும் உள்மெத்தையும் செய்து விற்பதே பல இடங்களில் சிகிச்சையகத்தைத் தாங்கும் வருவாயாக அமையும். அப்படியானால் செருப்பு செய்பவர் யார்? அவர் கூலிக்கு அமர்த்தப்பட்டவரா, பங்காளரா? நாம் காணும் பல இடங்களில் அவர் பின்கட்டில் இருக்கிறார், பெயர்ப்பலகையில் இல்லை. நோயாளியின் பாதத்தை அவர் பார்ப்பதேயில்லை. அளவுத் தாள் மட்டும் அவரிடம் போகிறது. இது அநீதி என்பதோடு மோசமான மருத்துவமும் ஆகும். தைப்பவர் பாதத்தைப் பார்க்க வேண்டும், தொட வேண்டும், இரண்டு வாரம் அணிந்த பின் மீண்டும் பார்க்க வேண்டும். சிவந்த இடம் எங்கே என்று கண்டு அவரே வாரை மாற்ற வேண்டும்.

தொழிலைத் தொடங்க நினைக்கும் பட்டியல் சாதி, பழங்குடி முனைவோருக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. மாவட்டத் தொழில் மையங்களில் இதற்கு விண்ணப்பிக்கலாம். சிகிச்சையகமும் காலணிப் பட்டறையும் ஒரே திட்ட அறிக்கையில் வருமாறு எழுதினால், பட்டறைக்காரர் பங்குதாரராவதற்கு வழி தொடக்கத்திலேயே அமைந்துவிடும். மருத்துவ நிறுவனங்களுக்கான மாநிலப் பதிவும் கட்டாயம்.

கழிவு எங்கே போகிறது

பாதச் சிகிச்சையகம் நாள்தோறும் சீழ் தோய்ந்த பஞ்சையும் கட்டுத்துணியையும் அலகுகளையும் உருவாக்குகிறது. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் தெளிவானவை. இரத்தமும் சீழும் தோய்ந்தவை மஞ்சள் பைக்கு. கையுறையும் குழாயும் சிவப்புப் பைக்கு. கண்ணாடி நீலப் பெட்டிக்கு. அலகும் ஊசியும் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்கு. கழிவைக் கையாள்பவருக்கு மஞ்சட்காமாலை பி, இரணஜன்னி ஆகியவற்றுக்கான தடுப்பூசி போடுவதும் விதியே. சிறிய சிகிச்சையகங்கள் செலவை மிச்சப்படுத்த இவற்றைக் கறுப்புப் பையில் கட்டித் தெருத் தொட்டியில் போடும்போது, அந்த அலகு யாருடைய கையில் ஏறும்? விடிகாலையில் தொட்டியைக் கிளறும் தூய்மைப் பணியாளரின் கையில். ஒருவரின் பாதத்தைக் காத்து இன்னொருவரின் கையைக் கிழிக்கும் சிகிச்சையகத்தை நடத்த நமக்கு உரிமையில்லை.

கட்டுப் போடும் வேலையைப் பற்றியும் ஒரு சொல். புண்ணைத் துடைத்துக் கட்டுவதை இழிந்த வேலையாகக் கருதி, பயிற்சி பெறாத கடைநிலைப் பணியாளரிடம் தள்ளிவிடும் பழக்கம் நம் மருத்துவமனைகளில் உண்டு. தள்ளிவிடப்படுபவர் எந்தச் சமூகத்தவராக இருக்கிறார் என்பதும் தற்செயல் அன்று. மருத்துவர் நான்கடி தள்ளி நின்று பார்க்கிறார். புண்ணின் ஆழத்தை அளக்காமல், அது எலும்பைத் தொடுகிறதா என்று ஊடுகோலால் பார்க்காமல் எழுதப்படும் மருந்துச்சீட்டு ஊகமே. பாத மருத்துவத்தில் நோயாளி உயரமான நாற்காலியில் அமர்வார். சிகிச்சையளிப்பவர் தாழ்ந்த இருக்கையில் அவருடைய காலடியில் அமர்வார். இந்த இருக்கை அமைப்பை ஏற்க மனமில்லாதவர்கள் பலர் இத்துறையை விட்டு விலகியே இருக்கிறார்கள். அந்த இடத்தில் அமர்ந்து பட்டத்தோடும் ஊதியத்தோடும் வேலை செய்வதை இழிவெனக் கருத நமக்கு ஒரு காரணமும் இல்லை.

வளர்ச்சி என்பது

தொழிலில் வளர்தல் என்றால் சான்றிதழ்களைச் சேர்ப்பது என்று பொருள் கொள்ளப்படுகிறது. பாத மருத்துவத்தில் வளர்ச்சிக்கு நேரடியான அளவுகோல் ஒன்று உண்டு. தம்மிடம் தொடர்ந்து வந்தவர்களில் ஓராண்டில் எத்தனை பேருக்குப் புதிய புண் வந்தது, எத்தனை புண்கள் பன்னிரண்டு வாரங்களுக்குள் ஆறின, எத்தனை கால்கள் போயின என்பதைச் சிகிச்சையகம் எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு வருகையிலும் புண்ணின் நீள அகலத்தை அளக்க வேண்டும். நோயாளியின் ஒப்புதலோடு படம் எடுக்க வேண்டும். நான்கு வாரங்களில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையவில்லையென்றால் செய்துவரும் சிகிச்சையை மாற்ற வேண்டும். இரத்தக் குழாய் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். நோயாளியின் வேலையையும் எழுத வேண்டும். ‘கூலி’ என்ற ஒரு சொல் போதாது. எத்தனை மணி நேரம் நிற்கிறார், எந்தத் தரையில், எந்தக் காலணியில், ஓய்வெடுக்கச் சொன்னால் வீட்டில் அடுப்பெரியுமா என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். ‘ஆறு வாரம் காலை ஊன்றாதீர்கள்’ என்ற அறிவுரையை வாழைத்தார் சுமப்பவரிடம் சொல்லிவிட்டு, அவர் கேட்கவில்லை என்று குறைபடுவதில் பயனில்லை. கழற்ற முடியாத மாவுக்கட்டோடு அவர் எந்த வேலையை உட்கார்ந்து செய்யலாம், எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையும் அறிந்திருப்பது பாத மருத்துவரின் அறிவில் சேர்ந்தது.

இனி சட்டத்துக்கு வருவோம். 2021ஆம் ஆண்டுச் சட்டம் சுகாதாரத் தொழில்முறையாளருக்குக் குறைந்தது 3600 மணி நேரப் பட்டப்படிப்பையும், மருத்துவம்சார் தொழில்முறையாளருக்குக் குறைந்தது 2000 மணி நேரப் படிப்பையும் வரையறுக்கிறது. தரத்துக்கு வரையறை வேண்டும். அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் மருத்துவமனைப் பட்டறையில் உணர்விழந்த பாதங்களுக்குச் செருப்புத் தைத்தவர் இவ்வரையறையில் எங்கே நிற்பார்? இங்கிலாந்தின் வரலாறு இங்கே உதவும். அங்கும் கால் ஆணி நீக்குபவர்கள் ஒருகாலத்தில் தெருவில் கூவித் திரிந்த எளியவர்களே. 1913இல் இலண்டன் பாத மருத்துவமனை தோன்றியது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பதிவேட்டை உருவாக்கியது. பின்னர் பட்டப்பெயரைச் சட்டத்தால் பாதுகாத்தபோது, ஏற்கெனவே தொழில் செய்துவந்து, முறையான பட்டம் இல்லாதவர்கள் தம் திறனை மெய்ப்பித்துப் பதிவு பெற 2003 முதல் 2005 வரை இரண்டாண்டுக் கால வாய்ப்பு அளித்தார்கள். அத்தகைய வாயில் ஒன்றை இந்தியாவிலும் திறக்க முடியும். மருத்துவமனைப் பட்டறைகளிலும் தொழுநோய் மையங்களிலும் பணியாற்றியவர்களுக்கு, செய்முறைத் தேர்வின் வழியாகப் பாதக் காலணி வல்லுநர் என்ற பதிவை ஆணையம் அளிக்கலாம்.

கல்லூரிகள் வரும்போது இடஒதுக்கீடு அதில் முழுமையாக நடைமுறையாக வேண்டும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை 2009ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. அத்தகைய உள்வகைப்பாடு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்தது. தனியார் கல்லூரிகளில் மட்டும் தொடங்கப்படும் படிப்பாகப் பாத மருத்துவம் மாறினால் இவ்வுரிமைகள் தாளில் நின்றுவிடும். ஆகவே முதல் இடங்கள் அரசுக் கல்லூரிகளில் தொடங்கப்பட வேண்டும். தமிழ்நாடு அரசின் ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டம் நீரிழிவுப் பாதப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுசெல்ல முனைவது வரவேற்கத்தக்கது. பரிசோதனையில் ஆபத்து கண்டறியப்பட்டவருக்கு அடுத்துத் தேவைப்படுவது செருப்பு. மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் காலணிப் பட்டறையும் அதில் நிரந்தரப் பணியிடங்களும் வேண்டும். ஒப்பந்ததாரர் மொத்தமாக வாங்கித் தரும் ஒரே அச்சுச் செருப்பு போதாது.

தூய்மைப் பணியாளர்களுக்குத் தரப்படும் ரப்பர் முழங்கால் காலணிகளிலிருந்தே இதைத் தொடங்கலாம். பெண் பணியாளர்களுக்கும் ஆண்களின் அளவிலேயே அவை வழங்கப்படுவதால் உள்ளே கால் வழுக்கி உரசுகிறது. வியர்வை தேங்கி விரலிடுக்கு வெந்து போகிறது. அணிய மறுத்தால் ‘பாதுகாப்பு உபகரணம் அணியவில்லை’ என்று அவர்கள்மீதே குற்றம் வருகிறது. வருகைப் பதிவேடு எடுக்கும் இடத்துக்கே பாத நலக் குழுவும் காலணி தைப்பவரும் சென்று, ஒவ்வொருவரின் இரு பாதங்களையும் தாளில் வரைந்து, விரலிடுக்கைப் பார்த்து, நைலான் இழையால் உணர்வைச் சோதித்து, அந்த அளவிலேயே காலணியும் மாற்றி அணிய இரண்டு இணைப் பருத்திக் காலுறைகளும் வழங்குமாறு உள்ளாட்சி அமைப்புகளை நாம் கேட்க வேண்டும். அளவெடுப்பதை வேலைக்கு முன் விடியலில் செய்யாமல், வேலை முடிந்த பின் செய்ய வேண்டும். மணிக்கணக்கில் நின்ற கால் அப்போது சற்றே வீங்கியிருக்கும்.